கெவாங்கின் கண்ணாடி மேனி

தூண்டில்காரர்கள் ‘குரோம்’ என்று சொல்லும் பளபளப்பில் பெரும்பாலும் குரோமியம் இருப்பதில்லை. கடையில் வாங்கும் நெகிழிக் கெவாங்கின் மேனியில் மின்னுவது, வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியம். மரத்தைச் செதுக்கி வீட்டிலேயே கெவாங் செய்பவர் ஒட்டுவதும் அலுமினியத் தாள்தான்; டப்பாவிலிருந்து பீய்ச்சும் ‘குரோம்’ பெயின்டில் மிதப்பதும் அலுமினியச் செதில்தான். கெவாங் என்று மலேசியாவில் அழைக்கப்படுவது, மீன் வடிவில் செய்து, முள் மாட்டி, நீரில் இழுத்துவரும் போலி இரை. அதன் மேனியில் முகம் பார்க்கும் அளவுக்கு ஒளி தெளிவாகத் திரும்பினால் அதற்குக் குரோம் என்று பெயர். உலோகத்தின் இயல்பு, அடிப்பரப்பின் மழமழப்பு, மேலே இடும் காப்புப் பூச்சு ஆகியவை சேர்ந்தே அந்தத் தெளிவைத் தருகின்றன. உலோகம் எளிதில் கிடைத்துவிடுகிறது. வீட்டில் செய்பவரின் உழைப்பெல்லாம் மற்ற இரண்டில்தான் போகிறது.

உலோகத்துக்குள் எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாத எலக்ட்ரான்கள் ஏராளம். ஒளி அலை வந்து விழும்போது இவை அதன் அதிர்வுக்கு ஏற்ப அசைந்து, அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெள்ளி ஏறத்தாழ 95 விழுக்காட்டையும், அலுமினியம் 90 விழுக்காட்டையும் திருப்புகின்றன. குரோமியம் திருப்புவது மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. உண்மையான குரோம் முலாம் வெள்ளியைவிடச் சற்றுக் கருத்துத் தெரிவது இதனால்தான். ஒளியைத் திருப்ப உலோகம் கனமாக இருக்க வேண்டியதில்லை. 50 நானோமீட்டர் கனமுள்ள அலுமினியப் படலமே போதும். அதைத் தாண்டி நூற்றில் ஒரு பங்கு ஒளிகூட மறுபக்கம் போவதில்லை.

ஆனால் திரும்பும் ஒளி ஒரே திசையில் திரும்ப வேண்டும். அங்கேதான் பரப்பின் மழமழப்பு கணக்குக்கு வருகிறது. பரப்பின் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால் பிரதிபலிப்பு சிதறத் தொடங்கும் என்பது இயற்பியலாளர் ரேலி பிரபுவின் பெயரால் வழங்கும் விதி. பச்சை ஒளிக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 70 நானோமீட்டர். கடையில் கிடைக்கும் மிக நைசான உப்புத்தாள்களில் ஒன்றான 2000-ஆம் எண் தாளின் துகளோ ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர், அதாவது அந்த வரம்பைப் போல நூறு மடங்குக்கும் மேல். துகள் முழுதும் புதைந்து கீறுவதில்லை என்றாலும், வெறுமனே தேய்த்துத் தேய்த்து மரத்தைக் கண்ணாடியாக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். கடைசி மழமழப்பைத் தருவது திரவம். எப்பாக்சியோ வார்னிஷோ பூசப்பட்டு இறுகும் முன், அதன் பரப்பு இழுவிசை மேடுகளைத் தாழ்த்திப் பள்ளங்களை நிரப்புகிறது. எந்தக் கையும் எட்டாத சமதளம் அப்படித்தான் கிடைக்கிறது.

மீனின் வெள்ளி நிறம் இவை எதிலும் சேராது. அதில் உலோகமே இல்லை. நெத்திலி, சாளை, கெம்போங் ஆகியவற்றின் தோலிலும் செதிலின் அடியிலும் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக உள்ளன. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றாக இருக்கும் அதே குவானின்தான் இது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.83, தகடுகளுக்கு இடையில் உள்ள செல் திரவத்துக்கு ஏறத்தாழ 1.33. ஒவ்வோர் எல்லையிலும் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. தகட்டின் கனம் 70 நானோமீட்டரை ஒட்டியும், இடைவெளி 95 நானோமீட்டரை ஒட்டியும் இருந்தால், திரும்பும் அலைகளெல்லாம் பச்சை ஒளியில் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறுகின்றன. வெவ்வேறு கனமுள்ள அடுக்குகள் கலந்திருப்பதால் எல்லா நிறமும் திரும்பி, மீன் வெள்ளியாகத் தெரிகிறது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜாக்கான் என்ற மணி செய்பவர் ஆற்றுமீனின் செதிலிலிருந்து இந்தக் குவானினைக் கழுவி எடுத்து, போலி முத்துகளுக்குப் பூசினார். பின்னாளில் அதே சாறு நகப்பூச்சிலும் கலக்கப்பட்டது.

மீனுக்கு இந்தக் கண்ணாடி எதற்கு? இங்கிலாந்தின் பிளிமத் நகரிலுள்ள கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் எரிக் டென்டனும் ஜே. ஏ. சி. நிகோலும் 1960களில் அளந்து சொன்ன விடை, தூண்டில்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நீருக்குள் ஒளி மேலிருந்து வலுவாகவும், கீழிருந்து மங்கலாகவும், பக்கங்களில் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவாகவும் இருக்கிறது. அந்த நீரில் செங்குத்தாக ஒரு கண்ணாடியை நிறுத்தினால், அதில் தெரிவதும் அதன் பின்னால் இருப்பதும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடி கண்ணுக்கே புலப்படாது. மீனின் உடல் உருண்டிருந்தாலும், தோலுக்குள் குவானின் தகடுகள் வளைவைப் பின்பற்றாமல் செங்குத்தாகவே நிற்கின்றன என்பதை டென்டன் காட்டினார். வெள்ளி மேனி மீனுக்கு ஒளிந்துகொள்ளும் போர்வை. பொதுவாக இத்தகைய அடுக்குக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி முனைவாக்கம் பெற்றுவிடும், அதாவது அதன் அதிர்வு ஒரு தளத்தில் கூடிவிடும். அதைக் கொண்டே வேட்டை மீன்கள் இரையைக் கண்டுகொள்ளலாம். சாளை இனத்து மீன்கள் இருவகைக் குவானின் படிகங்களைக் கலந்து அந்தத் தடயத்தையும் மறைத்துவிடுகின்றன என்று 2012-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

அப்படியானால் குரோம் கெவாங் மீனை எப்படி ஈர்க்கிறது? நேராக நிற்கும் கண்ணாடி மறைகிறது. சாயும் கண்ணாடி சட்டென மேலுள்ள வானத்தை எடுத்துக் காட்டுகிறது. அடிபட்ட மீனும், பயந்து திரும்பும் மீனும், பாசியைக் கொத்தச் சாயும் மீனும் அந்த நொடியில் பளிச்சிடுகின்றன. வேட்டை மீன் தேடுவது அந்தப் பளிச்சைத்தான். கண்ணாடி 15 டிகிரி சாய்ந்தால் அதில் பட்ட ஒளி 30 டிகிரி திரும்புகிறது. ஆகவே சிறிய ஆட்டமே போதும். ஆடாத கெவாங்குக்கு எத்தனை நல்ல குரோம் பூசினாலும் பயன் குறைவு. உடல் வடிவத்துக்கும் இதில் பங்குண்டு. உருண்ட மேனியில் ஒட்டிய தாள் வளைவையே பின்பற்றுவதால், வெளிச்சம் மெல்லிய கோடாக மட்டும் தெரியும். பக்கங்கள் தட்டையாக இருந்தால் முழுப் பக்கமும் ஒரே நேரத்தில் பளிச்சிடும். உருண்ட கெவாங்கின் மேல்வளைவு எந்நேரமும் வானத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், முதுகைக் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ தீட்டுவது அழகுக்கு மட்டும் செய்கிற வேலை இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நீரில் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியிலிருந்து சில நிமிடம் நடந்தால், ஜாமெக் பள்ளிவாசலின் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடம். அந்த வழியாகத்தான் 1857-இல் கிள்ளான் வட்டாரத் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் படகில் வந்து, அம்பாங் பக்கம் வெள்ளீயம் தோண்டப் போனார்கள். கோலாலம்பூர் பிறந்தது அப்படி. தோண்டி முடித்த குழிகளில் மழைநீர் நிரம்பி, சிலாங்கூர் முழுக்க ஈயக்குட்டைகள் உருவாயின. தோமானும் ஹாருவானும், அதாவது விரால் இனத்துப் பெரிய வேட்டை மீன்களும், பின்னாளில் விடப்பட்ட தென் அமெரிக்க மயில் பாஸ் மீனும் வாழ்வது இந்தக் குட்டைகளில். களிமண் கலங்கிய குட்டையில் குரோம் கெவாங் சுற்றிலுமுள்ள பழுப்பைத்தான் பிரதிபலிக்கும். இரண்டு முழ ஆழத்தில் அதன் பளிச்சு அடங்கிவிடும். மண் படிந்து தெளிந்த குட்டையிலும், தெமெங்கோர், கென்யிர் போன்ற அணை ஏரிகளில் செபாராவ் மீனைத் தேடும்போதும், காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் அதே கெவாங் நன்றாக வேலை செய்யும். போர்ட் கிள்ளானிலும் பூலாவ் கெத்தாமைச் சுற்றிய சதுப்புநிலக் கால்வாய்களிலும் கொடுவாவுக்கு, மலேசியர் சொல்வதுபோல் சியாகாப்புக்கு, வீசுவோர் நீரேற்றம் தெளிந்திருக்கிறதா என்று பார்த்தே குரோமை எடுக்க வேண்டும்.

செய்முறை மரத்திலிருந்து தொடங்குகிறது. மலேசியாவில் ஜெலுத்தோங், பூலாய் ஆகிய இரண்டும் மென்மையாகவும் நேரான நாரோடும் இருப்பதால் செதுக்குவதற்கு ஏற்றவை. ஜெலுத்தோங் பென்சில் செய்யவும் வார்ப்பட அச்சு செய்யவும் பயன்பட்ட மரம். எந்த மரமானாலும் அதன் துளைகள் மைக்ரோமீட்டர் அளவில் ஆழமான பள்ளங்கள். ஈரம் பட்டால் நார் எழும்பும். ஆகவே செதுக்கி, 240, 400 என்று உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய எப்பாக்சியையோ நீர்த்த வார்னிஷையோ ஊறவைத்து, உலர்ந்தபின் மீண்டும் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். நகத்தால் வருடும்போது நார் தட்டுப்படாத நிலை வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வதே நல்ல குரோமின் பெரும்பகுதி. அவசரப்பட்டு இந்தக் கட்டத்தைக் குறைத்தவர்களின் கெவாங் எந்தப் பூச்சிலும் சாம்பல் நிறமாகவே முடிகிறது.

தாள் ஒட்டும் முறைக்குப் பெரிய முன்னோர் பின்லாந்தின் லௌரி ரபாலா. மீன்பிடித்துப் பிழைத்த அவர் 1936-இல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த உலோகத் தாளை ஒட்டி, அதன் மேல் புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினார். வார்னிஷ் வாங்க அப்போது அவருக்கு வழியில்லை. பின்னாளில் உலகெங்கும் பரவிய ஒரு நிறுவனத்தின் முதல் கெவாங் அதுதான். செதுக்கிய உடல், உலோகத் தாள், ஒளி ஊடுருவும் காப்பு என்ற அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை.

சமையலறை அலுமினியத் தாளின் கனம் பொதுவாக 16 மைக்ரோமீட்டரை ஒட்டியது. அதன் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருப்பதற்கு எந்தப் பூச்சும் காரணமில்லை. கடைசியாக உருளைகளுக்கு இடையே செல்லும்போது இரண்டு தாள்களைச் சேர்த்து அழுத்துகிறார்கள். மெருகேறிய உருளையைத் தொட்ட பக்கம் மின்னுகிறது, ஒன்றையொன்று தொட்ட பக்கங்கள் மங்குகின்றன. குளிர்சாதனக் குழாய்களை ஒட்டப் பயன்படும் அலுமினிய டேப் இதைவிடக் கனமானது; பசையோடு வருவதால் வேலை சுலபம். எந்த இரும்புச் சாமான் கடையிலும் கிடைக்கும்.

தாளை மீன் வடிவ உடலில் சுருக்கமில்லாமல் ஒட்டுவது ஏன் கடினம் என்பதற்கு 1827-இல் கணித மேதை காவுஸ் நிறுவிய தேற்றம் பதில் சொல்கிறது. ஒரு பரப்பை நீட்டாமல், சுருக்காமல் எப்படி மடித்தாலும் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது. தட்டையான தாளை உருளையாகச் சுருட்டலாம், கூம்பாக்கலாம். இரண்டு திசையிலும் வளைந்த பரப்பில் படியவைக்க முடியாது. கெவாங்கின் தலையும் வயிறும் இரண்டு திசையிலும் வளைந்தவை. தப்பிக்க வழி இரண்டே. ஓரங்களில் கத்தரித்து, துண்டுகளாக ஒட்டுவது ஒன்று. அலுமினியத்தின் இழுபடும் தன்மையைப் பயன்படுத்தி, மழமழப்பான பேனா முதுகாலோ கரண்டி முதுகாலோ நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல மெல்லத் தேய்த்து, தாளையே சற்று நீட்டுவது மற்றொன்று. டேப்பின் கனமும் மென்மையும் இரண்டாவது வழிக்குச் சாதகம். ஒட்டும் முன்பே தாளை அரத்தின் மீதோ கம்பிவலையின் மீதோ வைத்துத் தேய்த்தால் செதில் போன்ற வரிகள் பதியும். தாளில் தவிர்க்க முடியாத சிறு சுருக்கங்களையும் அந்த வரிகள் மறைத்துவிடும். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கோணத்தில் சிறு கண்ணாடியாக நிற்பதால், கெவாங் எப்படிச் சாய்ந்தாலும் எங்கேனும் ஒரு புள்ளி மின்னுகிறது. முழுக் கண்ணாடியைவிட இந்த மேனியே பல நீர்களில் நம்பகமானது.

மஸ்ஜித் இந்தியாவின் துணிக்கடைகளில் தொங்கும் மலிவு விலைச் சேலையின் ஜரிகையிலும் இதே பொருள் இருக்கிறது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, பொன்முலாம் இட்டது. மலிவு ஜரிகையில் இருப்பது, ஆவியாக்கிய அலுமினியம் படிந்த பாலியெஸ்டர் படலம். அதை மெல்லிய இழைகளாக நறுக்கி, பொன்னிறத்துக்கு மஞ்சள் அரக்கு பூசுகிறார்கள். தைப்பூசக் காவடிகளில் ஒட்டும் ஜிகினாத் தாளும், உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தின் உட்புறமும், பிறந்தநாள் பலூனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. படலத்தின் கனம் பெரும்பாலும் 12 மைக்ரோமீட்டர் அளவில். அதன் மேலுள்ள அலுமினியம் சில பத்து நானோமீட்டர்தான். படலத்தின் மழமழப்பே அலுமினியத்தின் மழமழப்பாக மாறிவிடுவதால் சமையலறைத் தாளைவிட இது தெளிவான கண்ணாடி. ஆனால் பாலியெஸ்டர் நீளாது; காவுஸின் தேற்றம் இதனிடம் இன்னும் கண்டிப்பாக நடந்துகொள்ளும். தட்டையான பக்கமுள்ள கெவாங்குக்கு இது பொருந்தும், உருண்டதற்குப் பொருந்தாது. ஒட்டும்போது அலுமினியம் உள்ள பக்கம் மரத்தை நோக்கி இருக்க வேண்டும். அப்போது பாலியெஸ்டரே அதற்குக் காப்பாகிறது. மேலே எப்பாக்சி நன்றாகப் பிடிக்க, ஓரங்களில் மரத்தின் பூச்சு சற்றுத் தெரியும்படி விட வேண்டும்.

வெற்றிடத்தில் அலுமினியத்தைப் படியவைக்கும் நுட்பம் தொலைநோக்கியிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் ஜான் ஸ்ட்ராங் 1930களில் அதை வளர்த்தெடுத்தார். மவுன்ட் வில்சனின் 100 அங்குலக் கண்ணாடிக்கு 1935-இல் வெள்ளிக்குப் பதில் அலுமினியம் பூசப்பட்டது. நெகிழிக் கெவாங்குக்கு ஆலையில் நடப்பதும் அதுவே. முதலில் அரக்குப் பூச்சு. பிறகு காற்றை வெளியேற்றிய அறையில் சூடேறிய டங்ஸ்டன் கம்பியிலிருந்து அலுமினியம் ஆவியாகி நேர்கோட்டில் வந்து படிகிறது. கடைசியில் காப்புப் பூச்சு. வீட்டில் இதற்கு வழியில்லை.

அதன் இடத்தை நிரப்பத்தான் குரோம் பெயின்டும் குரோம் மையும் வந்தன. சாதாரண வெள்ளிப் பெயின்டில் உள்ள அலுமினியத் துகள் அரைத்துச் செய்தது. ஓரம் கிழிந்த, கனம் ஏறிய செதில்கள். குரோம் மையில் இருப்பவை, படலத்தில் ஆவியாகப் படியவைத்துப் பின் உரித்து நொறுக்கிய செதில்கள். கனம் சில பத்து நானோமீட்டர், பரப்போ கண்ணாடி. கரைப்பான் ஆவியாகும்போது இவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, ஓட்டுக் கூரை வேய்ந்ததுபோல் பரப்பை மூடிவிடுகின்றன. எல்லாச் செதிலும் ஒரே திசையில் படுத்தால்தான் கண்ணாடி. ஒன்றிரண்டு நிமிர்ந்தாலும் அங்கே சாம்பல் படரும்.

அடியில் பளபளக்கும் கறுப்புப் பூச்சு வேண்டும் என்று செய்முறைகளெல்லாம் சொல்வதற்குக் காரணம் இரண்டு. திரவமாக இருந்து இறுகிய பளபளப்புப் பூச்சு ரேலி வரம்புக்குள் மழமழப்பானது. செதில்கள் அதைப் பின்பற்றிப் படுக்கின்றன. செதில்களின் இடைவெளியில் நுழையும் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடுகிறது. அடியில் வெள்ளை இருந்தால் அந்த ஒளி சிதறித் திரும்பி, கண்ணாடியைப் பாலாக்கிவிடும். கறுப்பு முழுதாக இறுகியபின் குரோமை மெல்லிய பனிபோல் பீய்ச்ச வேண்டும். தடித்துப் பீய்ச்சினால் செதில்கள் நீந்தி நிமிரும்.

வீட்டில் கெவாங் செய்வோரைக் கலங்கவைக்கும் கட்டம் அடுத்தது. கண்ணாடியாக மின்னிய மேனியின் மேல் காப்புப் பூச்சு பட்ட மறுநிமிடமே அது சாம்பலாகிறது. காப்புப் பூச்சின் கரைப்பான், செதில்களைப் பிடித்திருந்த சொற்ப அரக்கை இளக்கி, படுத்திருந்தவற்றை எழுப்பிவிடுகிறது. அது நடக்காவிட்டாலும் ஒரு சிறு இழப்பு உண்டு. மேலே காற்றுக்குப் பதில் ஒளிவிலகல் எண் 1.5 உள்ள பூச்சு வந்ததும் அலுமினியத்தின் பிரதிபலிப்புச் சில விழுக்காடு குறைகிறது. பரப்பின் மேடுபள்ளமும் ஒளிக்கு ஒன்றரை மடங்கு பெரிதாகிறது. இந்த இரண்டாம் இழப்பைத் தவிர்க்க முடியாது. முதலாவதைத் தவிர்க்கலாம். குரோமை ஓரிரு நாள் முழுதாக உலரவிட்டு, அதன் அரக்கைக் கரைக்காத காப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆல்கஹால் சார்ந்த குரோம் மையின் மேல் நீர் சார்ந்த பாலியூரித்தேன் பூச்சை மிக மெல்லியதாக முதலில் இட்டு, அது இறுகியபின் எப்பாக்சி இடுவது நல்ல வழி. எந்தச் சேர்க்கையானாலும் முதலில் ஒரு மரச்சீவலில் சோதித்துப் பார்ப்பது ஒரு முழு கெவாங்கைக் காப்பாற்றும்.

நகப் பூச்சுக்கு விற்கும் ‘கண்ணாடிப் பொடி’ இதே செதிலின் உலர்ந்த வடிவம். புற ஊதா விளக்கில் இறுகிய, ஒட்டும் தன்மை இல்லாத மழமழப்பான பூச்சின் மேல் பஞ்சால் தேய்த்தால் செதில்கள் படுத்துக்கொள்கின்றன. தேய்க்கும் பஞ்சே செதிலை ஒழுங்குபடுத்துவதால் பீய்ச்சுவதைவிட இதில் தவறு குறைவு. நுண்ணிய அலுமினியப் பொடி மூச்சில் போகக்கூடாது, தீக்கருகில் இருக்கக்கூடாது, முகமூடி கட்டாயம்.

வெள்ளி பூசும் முறை பழையது. ஆல்டிஹைடு என்ற வகைச் சேர்மங்கள் வெள்ளி உப்பிலிருந்து வெள்ளியைப் பிரித்துக் கண்ணாடியில் படியவைக்கும் என்று ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1835-இல் கண்டார். அதுவரை கண்ணாடிக்குப் பூசியது பாதரசமும் வெள்ளீயமும் கலந்த ரசம். அதைப் பூசியவர்களின் உடல்நலத்தை அது அரித்துவந்தது. இன்று வாகன உறுப்புகளுக்கு இரட்டைத் துப்பாக்கியால் பீய்ச்சும் வெள்ளிக் குரோம் லீபிக்கின் வினையேதான். ஒரு குழலில் அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட், மறு குழலில் குளுக்கோஸ் போன்ற ஒடுக்கி. அதற்கு முன் பரப்பை வெள்ளீய குளோரைடு கரைசலால் கழுவ வேண்டும். அதில் ஒட்டும் வெள்ளீய அயனிகளே முதல் வெள்ளி அணுக்களைப் பிடித்து இருத்துகின்றன. கிடைக்கும் கண்ணாடி மற்ற எல்லா முறையையும் மிஞ்சும். ஆனால் அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலைச் சேமித்துவைத்தால் வெள்ளி நைட்ரைடு உண்டாகி, தொட்டாலே வெடிக்கும். தேவையான அளவு மட்டும் கலந்து, உடனே பயன்படுத்தி, மிச்சத்தை அமிலம் சேர்த்துச் செயலிழக்கச் செய்ய வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாத வீட்டில் இதைத் தொடாமல் இருப்பதே சரி. சதுப்புநிலக் கால்வாய்களில் வெள்ளிக்கு இன்னொரு எதிரியும் உண்டு. அங்கே சேறு கிளறும்போது எழும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. காப்பில் ஊசித்துளை இருந்தாலும் அது நுழைந்து வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும்.

உண்மையான குரோமியத்தை மின்முலாமாக ஏற்றும்போது, முதலில் நிக்கல், அதன் மேல் அரை மைக்ரோமீட்டரைக்கூட எட்டாத குரோமியம். பளபளப்பின் மழமழப்பு நிக்கலுடையது. கீறலும் துருவும் தாங்கும் தோல் குரோமியத்துடையது. மரபான முலாம் தொட்டியில் உள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. மலேசியாவில் முலாம் பட்டறைக் கழிவு 2005-ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவு விதிமுறைகளுக்கு உட்பட்டது. சாக்கடையில் ஊற்ற முடியாது. இது வீட்டு வேலை ஆகாது.

குரோமியம் வேண்டும் என்றே நினைப்பவருக்குப் பாத்திரக்கடை போதும். எவர்சில்வரில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. அதன் மேல் சில நானோமீட்டர் கனத்தில் தானாக உருவாகும் குரோமிய ஆக்சைடே துருப்பிடிக்காமல் காக்கிறது. மெருகேற்றிய கரண்டியின் காம்பை வெட்டி, இரு முனையிலும் துளையிட்டு வளையம் மாட்டினால் ஸ்பூன் கெவாங். இந்த வடிவத்துக்கு அமெரிக்காவின் ஜூலியோ பியூவல் 1852-இல் காப்புரிமை பெற்றார். எவர்சில்வரைத் துளையிடும்போது துளைமுனை வேகமாகச் சுழன்றால் உலோகம் இறுகிக்கொள்ளும். மெதுவாக, அழுத்தி, எண்ணெய் விட்டுத் துளைக்க வேண்டும். இந்தக் கெவாங்குக்கு எந்தக் காப்புப் பூச்சும் வேண்டாம்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கே உரிய உலோகம் வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகுவதால் வீட்டு அடுப்பிலேயே வார்க்கலாம். ஆழத்தில் இறக்கி ஆட்டும் ஜிக் வகைக் கெவாங்குக்குக் காரீயத்தின் நச்சு இல்லாத மாற்று. அடர்த்தி காரீயத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால் அதே எடைக்குச் சற்றுப் பெரிதாகும், மெதுவாக இறங்கும். புதிதாக வார்த்த வெள்ளீயத்தின் மேனி வெள்ளிக்கு அருகில் மின்னும். காற்றில் எளிதில் கறுக்காது. 1885-இல் கோலாலம்பூரில் யோங் கூன் தொடங்கி, இன்று செத்தாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் என்ற பெயரில் இயங்கும் பட்டறையில், பெரும்பங்கு வெள்ளீயமான பியூட்டர் பாத்திரங்களைத் தொடக்க காலத்தில் சொரசொரப்பான ஒரு காட்டுக்கொடியின் இலையால் மெருகேற்றினார்கள். உப்புத்தாளுக்குப் பின் துணியும் மெருகுப்பசையும் கொண்டு தேய்த்தால் ஜிக்குக்கு அந்த மெருகு போதும்.

எந்த வழியில் மின்னவைத்தாலும் மர கெவாங்குக்குக் கடைசி வேலை காப்புப் பூச்சுதான். கோலாலம்பூரின் காற்று அதற்கு எதிராக நிற்கிறது. ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். விரைவில் ஆவியாகும் அரக்கைப் பீய்ச்சினால், ஆவியாதல் பரப்பைக் குளிர்வித்து, காற்றின் ஈரம் அதன் மேல் பனிக்கிறது. பூச்சு வெண்மையாக மங்குகிறது. எப்பாக்சியிலோ, இறுக்கியில் உள்ள அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மெழுகு போன்ற பிசுபிசுப்பை மேலே விடுகிறது. மழைக்குப் பிந்தைய மாலையில் பூசாமல், குளிரூட்டி ஓடும் அறையில் பூசி அங்கேயே இறுகவிட்டால் இரண்டும் குறையும். பிசுபிசுப்பு வந்துவிட்டால் அடுத்த பூச்சுக்கு முன் வெந்நீரால் கழுவித் துடைக்க வேண்டும். எப்பாக்சி வழிந்து வயிற்றில் துளியாகச் சேராமல் இருக்க, பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் மோட்டார் உதவும். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று என்ற அதன் வேகம் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். ஆனால் அது பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தில் ஓடுவது, இணைப்புகளை மூடியே வைக்க வேண்டும்.

தோமானின் பல் எப்பாக்சியைத் துளைக்கும். அந்தத் துளை வழியாக நீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்பது உலோகத்தின் கனத்தைப் பொறுத்தது. ஈயக்குட்டையின் நன்னீரில் டேப் பல மாதம் தாங்கும். போர்ட் கிள்ளானின் உப்புநீரில், எஃகு முள்ளோடும் வளையத்தோடும் அலுமினியம் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகி, அலுமினியம் கரைந்துபோகும். 50 நானோமீட்டர் ஆவிப்படலம் விரைவில் மறைந்து அடிக்கறுப்பு தெரியும்; 16 மைக்ரோமீட்டர் தாள் ஓரத்திலிருந்து மெதுவாக அரிக்கப்படும். ஆகவே கடலுக்குப் போகும் கெவாங்கில் தாளின் ஓரம் முள் மாட்டும் கம்பியைத் தொடாதபடி சில மில்லிமீட்டர் விட்டு ஒட்டுவதும், ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி உலர்த்துவதும், பல் பட்ட துளையை அன்றிரவே ஒரு துளி எப்பாக்சியால் அடைப்பதும் வேண்டும்.